காதைத் தின்னும் தறிச் சத்தம்: ஆலை இரைச்சலை அளப்பது எப்படி? குறைப்பது எப்படி?

பல்லடம், சோமனூர், குமாரபாளையம், பள்ளிபாளையம்... இந்த ஊர்களில் பல தெருக்களுக்குள் நுழைந்தால் ஆளைப் பார்ப்பதற்கு முன்பே சத்தம் வந்து வரவேற்கும். "சடக் படக், சடக் படக்" என்று இரவு பகலாக ஓடும் விசைத்தறி. வெளியூர்க்காரர்களுக்குப் பத்து நிமிடத்தில் தலை வலிக்கும். உள்ளூர்க்காரர்களைக் கேட்டால், "எங்களுக்குப் பழகிருச்சுங்க" என்பார்கள்.

அந்த "பழகிருச்சு"தான் ஆபத்து. காது சத்தத்துக்குப் பழகாது. சத்தம் குறைந்த மாதிரி தோன்றினால், கேட்கும் திறன் கொஞ்சம் போயிருக்கிறது என்று அர்த்தம்.

தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கும் அதிகமான விசைத்தறிகள் உள்ளன. தறி பற்றிய செய்தி என்றால் கூலி உயர்வு, நூல் விலை, மின் கட்டணம் ஆகிய மூன்றும் வரும். தறி ஓட்டுபவரின் காது பற்றிப் பேச்சே வராது. இதற்கிடையில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்துவிட்டன. ஆலை இரைச்சலை எப்படி அளக்கிறார்கள், எப்படிக் குறைக்கலாம், சட்டம் யாரைக் காக்கிறது, யாரை விட்டுவிடுகிறது? விரிவாகப் பார்க்கலாம்.

டெசிபல்: கூட்டல் கணக்கே வேற!

சத்தத்தை அளக்கும் அலகு டெசிபல். இதில் 90-ஐயும் 90-ஐயும் கூட்டினால் 180 வராது, 93தான் வரும்.

காரணம், டெசிபல் என்பது மடங்குக் கணக்கு. ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கானால் 3 டெசிபல் கூடும். பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும். அப்படியென்றால் ஒரே மாதிரியான பத்து இயந்திரங்கள், ஒவ்வொன்றும் 90 டெசிபல் என்றால், மொத்தம் 100.

இதில் ஒரு பொறி இருக்கிறது. "90-க்கும் 93-க்கும் 3 தானே வித்தியாசம்" என்று நமக்குத் தோன்றும். ஆனால் காதுக்குள் போகும் ஆற்றல் அங்கே இரட்டிப்பாகிவிட்டது. 90-லிருந்து 100-க்குப் போனால் ஆற்றல் பத்து மடங்கு. ஆனால் நம் காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாக மட்டுமே தெரியும். உண்மையான சுமையைக் காது குறைத்துத்தான் சொல்கிறது.

தறிக்கூடத்தில் எவ்வளவு சத்தம்?

நாடா ஓடும் சாதாரண விசைத்தறிக் கூடங்களில் பொதுவாக 95 முதல் 105 டெசிபல் வரை இருக்கும். இந்தச் சத்தத்தில் பெரும் பங்கு ஒரு அடியிலிருந்து வருகிறது. பிக்கிங் ஸ்டிக் நாடாவை ஓங்கி அடிக்கிறது. நாடா பாவுக்கு நடுவே பறந்து போய் மறுபக்கப் பெட்டியில் மோதி நிற்கிறது. அங்கிருந்து திரும்பவும் அடி. நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் இது நடக்கிறது. மரமும் இரும்பும் மோதும் இந்தச் சத்தம், ஒரே சீராக ஓடும் மோட்டார் சத்தத்தைவிட காதுக்குக் கொடுமையானது.

கூடத்தின் அமைப்பும் சேர்ந்துகொள்கிறது. சிமென்ட் சுவர், சிமென்ட் தரை, மேலே தகரம் அல்லது ஆஸ்பெஸ்டாஸ் கூரை. எதுவுமே சத்தத்தை உறிஞ்சாது. சுவரில் பட்ட சத்தம் அப்படியே திரும்பி வரும். தறிக்கு நடுவில் நிற்பவருக்கு நேராக வரும் சத்தம் ஒரு பங்கு, எதிரொலியாக வரும் சத்தம் இன்னொரு பங்கு.

இது தறிக்கு மட்டுமான கதையும் கிடையாது. கோவை ஃபவுண்டரிகளில் வார்ப்பைத் தட்டிச் சுத்தம் செய்யும் இடம், பவர் பிரஸ் ஓடும் பட்டறை, அரவை மில், கல் குவாரியின் கிரஷர் என எல்லா இடத்திலும் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம்.

காதுக்குள் என்ன நடக்கிறது?

உள்காதில் நத்தை ஓடு போன்ற ஒரு உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஆயிரக்கணக்கான மயிர்ச் செல்கள். ஒலி அதிர்வை நரம்புக்கான மின் சமிக்ஞையாக மாற்றுவது இவைதான். அளவுக்கு மீறிய சத்தம் தொடர்ந்து தாக்கினால் இவை சோர்ந்து போகும். ஓய்வு கிடைத்தால் ஓரளவு தேறும். ஓய்வே கிடைக்காவிட்டால் செத்துப்போகும். மனிதக் காதில் இந்தச் செல்கள் மறுபடி முளைப்பதில்லை. அதனால்தான் சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்புக்கு மருந்தும் இல்லை, அறுவை சிகிச்சையும் இல்லை. காது கேட்கும் கருவி ஓரளவு கைகொடுக்கும், அவ்வளவுதான்.

முதலில் பாதிக்கப்படுவது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான உயர் அதிர்வெண் பகுதி. குறிப்பாக 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய இடம். பரிசோதனை வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும். மருத்துவர் அதைப் பார்த்ததுமே, "எந்த வேலை பார்க்கறீங்க?" என்று கேட்பார்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். உயிரெழுத்தின் ஓசை தாழ்ந்த அதிர்வெண்ணில், வலுவாக இருக்கும். அது கடைசி வரை கேட்கும். ஒரு வல்லின எழுத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் நுணுக்கமான ஒலி பெரும்பாலும் உயர் அதிர்வெண்ணில், பலவீனமாக இருக்கும். அது முதலில் மங்கும். கடை, தடை, படை, சடை இந்த நான்கும் ஒரே சொல்லாகக் கேட்க ஆரம்பிக்கும்.

அதனால்தான் பாதிக்கப்பட்டவர், "காது கேக்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியல" என்பார். வீட்டில் இருப்பவர்களோ, "வேணும்னே கேக்காத மாதிரி நடிக்கிறார்" என்பார்கள். குழந்தைகள் பேச்சு புரியாது. கல்யாண வீட்டுக் கூட்டத்தில் யார் பேசுவதும் பிடிபடாது. மெல்ல மெல்லப் பேச்சையே தவிர்ப்பார். இன்னும் சிலருக்குக் காதுக்குள் வண்டு ரீங்கரிப்பது மாதிரி ஒரு சத்தம் நிற்காமல் ஓடும். தறி நின்ற பிறகும் அது நிற்காது.

இன்னொரு முக்கியமான விஷயம். இந்த இழப்பு முதல் 10 முதல் 15 ஆண்டுகளில்தான் வேகமாக நடக்கிறது. அதாவது 20 வயதில் தறிக்கு வந்தவர் 35 வயதுக்குள் பெரும்பகுதி இழப்பைச் சந்தித்துவிடுகிறார். "வயசானா எல்லாருக்கும் காது மந்தம்தான்" என்ற சமாதானம் இங்கே பொருந்தாது. உலக அளவில் பெரியவர்களுக்கு ஏற்படும் கடுமையான செவித்திறன் இழப்பில் சுமார் 16 விழுக்காடு வேலையிடச் சத்தத்தால் வருவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு மதிப்பிட்டது.

எவ்வளவு நேரம் இருக்கலாம்?

இந்தியாவில் தொழிற்சாலைகளுக்கான மாதிரி விதிகள் சொல்லும் வரம்பு இது:

90 டெசிபல்: 8 மணி நேரம்
95 டெசிபல்: 4 மணி நேரம்
100 டெசிபல்: 2 மணி நேரம்
105 டெசிபல்: 1 மணி நேரம்
110 டெசிபல்: அரை மணி நேரம்
115 டெசிபல்: கால் மணி நேரம்

115-க்கு மேல் தொடர் சத்தத்தில், காதுக்குப் பாதுகாப்பு இல்லாமல், ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது. 5 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும் என்பது இந்தப் பட்டியலின் சூத்திரம்.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் இதைவிடக் கறாரானது. 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான். அதற்கு மேல் 3 டெசிபல் கூடினாலே நேரம் பாதியாக வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ம் ஆண்டு உத்தரவுப்படி 80 டெசிபலிலேயே நிர்வாகத்தின் கடமை தொடங்கிவிடுகிறது. காதுப் பாதுகாப்புக் கருவியையும் கணக்கில் எடுத்துக்கொண்டு 87-ஐத் தாண்டவே கூடாது.

இப்போது தறிக்கூடத்துக்கு வருவோம். பல இடங்களில் 12 மணி நேர ஷிஃப்ட். சத்தம் 100 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். நம் விதிப்படி 2 மணி நேரம்தான் அனுமதி. 12 மணி நேரம் நின்றால் அனுமதித்த அளவைப் போல 6 மடங்கு. நியோஷ் கணக்கில் 100 டெசிபலுக்கு அனுமதி 15 நிமிடம். 12 மணி நேரம் என்றால் 48 மடங்கு!

8 மணி நேரத்துக்கான வரம்பை 12 மணி நேரத்துக்கு மாற்றிப் பார்த்தால், நம் விதிப்படியே சத்தம் 87 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். சாதாரண நாடாத் தறியில் அது நடக்கிற காரியம் இல்லை.

சரி, எப்படி அளப்பது?

கருவியே இல்லாமல் ஒரு சோதனை செய்யலாம். ஒரு கை நீளத் தூரத்தில் நிற்பவரிடம் பேசுங்கள். குரலை உயர்த்தினால்தான் கேட்கிறது என்றால் சத்தம் 85 டெசிபலை ஒட்டியோ, அதற்கு மேலோ இருக்க வாய்ப்பு அதிகம். தறிக்கூடத்தில் ஆட்கள் சைகையிலும் உதட்டசைவிலும் பேசிக்கொள்வதை நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது முறையான அளவீடு. அதற்கு சவுண்ட் லெவல் மீட்டர் என்ற கருவி உண்டு. அதில் 'ஏ' அளவுகோலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மனிதக் காது எந்த அதிர்வெண்ணை எவ்வளவு உணர்கிறதோ அதற்கேற்ப எடை போடும் அளவுகோல் அது. அளப்பதற்கு முன்னும் பின்னும் 94 டெசிபல் ஒலி தரும் சின்ன கேலிபிரேட்டரால் கருவியைச் சரிபார்க்க வேண்டும். இதைச் செய்யாத அளவீட்டை நம்ப முடியாது.

எங்கே அளப்பது? தொழிலாளியின் காது இருக்கும் இடத்தில். இயந்திரத்துக்கு ஒட்டியும் வேண்டாம், ஆபீஸ் அறை வாசலிலும் வேண்டாம். எப்போது? வழக்கமாக எத்தனை தறி ஓடுமோ அத்தனையும் ஓடும்போது. ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்று பாதித் தறியை நிறுத்தினால் 3 டெசிபல் குறைத்துக் காட்டலாம். ஏட்டில் அது நன்றாக இருக்கும், காதுக்குப் பயன் இல்லை.

ஒரே இடத்தில் நிற்காமல் பாவு ஓட்டும் இடம், தறி, குடோன் என்று நடமாடுபவர்களுக்கு டோசிமீட்டர் சரியாக இருக்கும். தோள்பட்டையில் மாட்டிக்கொள்ளும் சின்னக் கருவி அது. ஷிஃப்ட் முழுக்க காதுக்கு வந்த மொத்தச் சத்தத்தையும் கூட்டிச் சொல்லும்.

கருவி இல்லாவிட்டால் கணக்குப் போடலாம். ஒருவர் 95 டெசிபலில் 4 மணி நேரம், 90 டெசிபலில் 4 மணி நேரம் இருக்கிறார். 95-க்கு அனுமதி 4 மணி, எனவே 4-ஐ 4-ஆல் வகுத்தால் 1. 90-க்கு அனுமதி 8 மணி, எனவே 4-ஐ 8-ஆல் வகுத்தால் 0.5. மொத்தம் 1.5. ஒன்றைத் தாண்டினாலே விதிமீறல். இங்கே ஒன்றரை மடங்கு.

மொபைல் ஆப் போதாதா? தோராயமாகத் தெரிந்துகொள்ள உதவும். ஆனால் போன் மைக் மனிதப் பேச்சுக்காக வடிவமைக்கப்பட்டது. 100 டெசிபலை ஒட்டிய சத்தத்தில் பல போன்கள் தப்பாகக் காட்டும். அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள், ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எதை முதலில் சரி செய்வது?

இங்கேதான் பலர் பணத்தை வீணடிக்கிறார்கள். கணக்குக்காக ஒரு சின்னப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். தொழிலாளி நிற்கும் இடத்தில் கம்ப்ரசரின் சத்தம் 98, ஒரு இயந்திரத்தின் சத்தம் 92, எக்ஸாஸ்ட் விசிறியின் சத்தம் 88. மூன்றும் சேர்ந்தால் சுமார் 99.3 டெசிபல்.

விசிறியை அடியோடு நிறுத்திவிட்டால்? 99. குறைந்தது வெறும் 0.3 டெசிபல். காதுக்கே தெரியாது. அதே சமயம் கம்ப்ரசரில் மட்டும் 10 டெசிபல் குறைத்தால் மொத்தம் 94.5-க்கு வந்துவிடும். அதிகச் சத்தம் போடுவதை விட்டுவிட்டு மற்றதைத் தொட்டால் பலன் இல்லை. அதனால்தான் அளவீடு முதல் படி.

தறிக்கூடத்தில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே எல்லாத் தறியும் ஒரே அளவு சத்தம். 20 தறியில் ஒன்றைச் சரி செய்தால் 0.2 டெசிபல்கூட முழுசாகத் தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்துத்தான் செய்ய வேண்டும். சின்ன உரிமையாளர்கள் இதில் கை வைக்கத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குறைப்பது எப்படி?

வல்லுநர்கள் ஒரு வரிசை சொல்வார்கள். முதலில் சத்தம் பிறக்கும் இடம், அடுத்து சத்தம் வரும் வழி, கடைசியாகக் காது. நம் ஊரில் நடப்பது தலைகீழ். காதில் பஞ்சு வைப்பதோடு கதை முடிந்துவிடுகிறது.

பிறக்கும் இடம்: லூசான போல்ட், தேய்ந்த பேரிங், கழன்ற கார்டு, காய்ந்த கியர் எல்லாமே சத்தத்தைக் கூட்டும். தறியில் பிக்கர், பஃபர் தேய்ந்ததும் மாற்ற வேண்டும். கம்ப்ரசர் காற்று கசியும் இடத்தில் வரும் 'உஸ்' சத்தம் காதையும் கெடுக்கிறது, கரன்ட் பில்லையும் ஏற்றுகிறது. ஏர் கன்னில் சாதாரணக் குழாய்க்குப் பதிலாகச் சத்தம் குறைந்த நாசில் பொருத்தினால் 10 டெசிபல் வரை குறையும். காற்று வெளியேறும் இடத்தில் சைலன்சர் போட்டால் இன்னும் அதிகம்.

விசிறிகளுக்கு ஒரு நல்ல செய்தி. வேகத்தை 30 விழுக்காடு குறைத்தால் சுமார் 8 டெசிபல் குறையும். விசிறி இழுக்கும் மின்சாரம் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும் என்பதால் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். தேவைக்கு மேல் வேகமாக ஓடும் விசிறி எத்தனை ஆலைகளில் இருக்கிறது என்று பார்த்தாலே போதும், செலவு தானாகத் திரும்பி வரும்.

புது இயந்திரம் வாங்கும்போது விலை, வேகம், மின்சாரம் ஆகியவற்றோடு "சத்தம் எத்தனை டெசிபல்?" என்றும் கேளுங்கள். நாடா இல்லாத ரேப்பியர் தறிகளில் அந்த ஓங்கி அடிக்கும் அடி இல்லை. ஆனால் வேகம் அதிகம் என்பதால் அவையும் 90 டெசிபலை ஒட்டியோ தாண்டியோ போகும். ஏர்ஜெட் தறியும் அப்படித்தான். நவீனத் தறி வந்தால் காது தானாகத் தப்பித்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது.

வரும் வழி: இயந்திரத்தின் காலுக்கு அடியில் சரியான ரப்பர் பேட் போட்டால் அதிர்வு தரை வழியாகப் பரவுவது குறையும். இரும்புத் தகடு அதிர்ந்து கத்துகிறதா? அதன் மேல் அதிர்வை அடக்கும் அடுக்கு ஒட்டலாம். கம்ப்ரசர், ஜெனரேட்டர் ஆகியவற்றை வேலை செய்யும் இடத்திலிருந்து பிரித்துத் தனி அறைக்குக் கொண்டு போகலாம். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். ஆனால் பக்கத்து வீட்டுச் சுவர் ஓரம் கொண்டுபோய் வைத்தால் பிரச்னையை இடம் மாற்றியதாகத்தான் ஆகும்.

இயந்திரத்தைச் சுற்றிப் பெட்டி மாதிரி மூடி அமைப்பது நல்ல வழி. ஆனால் ஓட்டை இருக்கக் கூடாது. மொத்தப் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, எவ்வளவு தடிமனான சுவர் கட்டினாலும் 20 டெசிபலுக்கு மேல் குறையாது. தண்ணீர்த் தொட்டியில் ஓட்டை மாதிரிதான். உள்ளே சூடு சேராமல் இருக்க, சைலன்சர் வைத்த காற்றுப் பாதையும் வேண்டும்.

கூரையிலும் சுவரிலும் ஒலி உறிஞ்சும் பாறைக் கம்பளி (ராக்வுல்) போன்ற பொருளைப் பொருத்தினால் எதிரொலி அடங்கும். பொதுவாகச் சில டெசிபல் குறையும். தறிக்குப் பக்கத்திலேயே நிற்பவருக்கு நேராக வரும் சத்தம் இதனால் குறையாது என்பதையும் தெரிந்து செய்ய வேண்டும். தயவுசெய்து முட்டை அட்டை, தெர்மாகோல் என்று ஒட்டாதீர்கள். அது ஆலைச் சத்தத்துக்கு எடுபடாது. பஞ்சுத் தூசு பறக்கும் கூடத்தில் அது தீக்கு விறகு.

நேரம்: ஆட்களைச் சுழற்சியில் மாற்றலாம். சத்தம் குறைந்த ஓய்வறை ஒன்று தரலாம். டீ குடிக்கும் பத்து நிமிடமாவது கூடத்துக்கு வெளியே இருக்கட்டும்.

பஞ்சு வைத்தால் போதாதா?

போதாது. சாதாரணப் பஞ்சு சில டெசிபல்தான் குறைக்கும், அதுவும் நம்பகமாக இல்லை. நுரையால் செய்த இயர் பிளக்கை மெல்லியதாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலே பின்னால் இழுத்து, உள்ளே வைத்து, விரியும் வரை பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வைத்தும் பயன் இல்லை.

பாக்கெட்டில் 29 டெசிபல் குறையும் என்று போட்டிருக்கும். அது ஆய்வகக் கணக்கு. வேலையிடத்துக்கு அமெரிக்காவில் பயன்படுத்தும் ஒரு கணக்கு உண்டு: 29-லிருந்து 7-ஐக் கழித்து, மிச்சத்தைப் பாதியாக்க வேண்டும். 11தான் வரும். 100 டெசிபல் கூடத்தில் அது 89-க்குக் கொண்டுவரும்.

அதைவிட முக்கியம், இடையில் கழற்றக் கூடாது. 30 டெசிபல் குறைக்கும் தரமான கருவியை 8 மணி நேரத்தில் ஒரே ஒரு மணி நேரம் கழற்றி வைத்தால், மொத்தத்தில் கிடைக்கும் பாதுகாப்பு வெறும் 9 டெசிபல். வெக்கையிலும் வியர்வையிலும், நூல் அறுந்த சத்தம் கேட்க வேண்டுமே என்ற கவலையிலும் தொழிலாளி அதைக் கழற்றத்தான் செய்வார். அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. அதனால்தான் இயர் பிளக் கடைசி வழியாக இருக்க வேண்டும் என்கிறார்கள்.

புதிய சட்டம் யாரைக் காக்கும்?

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. அதில் ஒன்றான தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச் சூழல் தொகுப்பு, 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் உட்பட 13 சட்டங்களை ஒன்றாக்கியது.

நல்ல அம்சங்கள் உண்டு. சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பு, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் பழைய சட்டத்தில் இருந்தது போலவே புதியதிலும் இருக்கிறது. பாதுகாப்புக் கருவிக்கோ மருத்துவப் பரிசோதனைக்கோ தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்றும் தொகுப்பு சொல்கிறது.

சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் 10 பேர் இருந்தால் பழைய சட்டத்தில் அது தொழிற்சாலை. புதிய தொகுப்பில் 20 பேர் வேண்டும். தொகுப்பின் பொதுவான பாதுகாப்புக் கடமைகளுக்கும் 10 பேர் என்ற வரம்பு இருக்கிறது. ஒரு தறிக்காரர் பல தறிகளைப் பார்த்துக்கொள்வார் என்பதால் கணிசமான தறிகள் உள்ள கூடத்தில்கூட ஆள் எண்ணிக்கை 10-ஐத் தொடாது. சட்டம் ஆளை எண்ணுகிறது, சத்தத்தை எண்ணவில்லை.

இ.எஸ்.ஐ.யிலும் இதே கதை. "சத்தத்தால் ஏற்படும் செவித்திறன் குறைபாடு" அங்கே தொழில்சார் நோய்ப் பட்டியலில் உண்டு. அதாவது வேலைக் காயம் போலவே இழப்பீடு கோர முடியும். ஆனால் பொதுவாக 10 பேர் வேண்டும். இதற்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. அபாயகரமான தொழில் என்று அரசு அறிவித்தால் ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் இந்தப் பாதுகாப்புகள் பொருந்தும். 100 டெசிபலில் 12 மணி நேரம் நிற்பது அபாயகரமானதா, இல்லையா? இந்தக் கேள்விக்கு அரசுதான் பதில் சொல்ல வேண்டும்.

உரிமையாளர்களை மட்டும் குற்றவாளியாக்கவும் முடியாது. கோவை, திருப்பூர் பகுதிகளில் பலர் ஜவுளி உற்பத்தியாளரிடம் பாவு நூல் வாங்கிக் கூலிக்கு நெய்து கொடுப்பவர்கள். உரிமையாளரும் அவர் மனைவியும் அதே கூடத்தில்தான் நிற்கிறார்கள். அவர்கள் காதும் அதே சத்தத்தைத்தான் கேட்கிறது. மீட்டர் கணக்கில் கிடைக்கும் கூலியில் ரப்பர் பேடும் ஒலி உறிஞ்சும் கூரையும் எங்கிருந்து வரும்? தறி நவீனமயமாக்கல் உதவிகளில் சத்தக் குறைப்பையும் ஒரு நிபந்தனையாக, ஒரு செலவாகச் சேர்த்தால்தான் இது நகரும்.

பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்யலாம்?

2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் இருக்கலாம். தொழிற்பகுதியில் பகலில் 75, இரவில் 70. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால், மாவட்ட நிர்வாகத்திடமோ அதிகாரம் பெற்ற போலீஸ் அதிகாரியிடமோ புகார் தரலாம். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையும் அணுகலாம். கூடத்துக்கு உள்ளே இருக்கும் சத்தம், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் பொறுப்பு.

நீங்கள் சத்தமான இடத்தில் வேலை செய்பவரா? இதைக் கவனியுங்கள்

ஷிஃப்ட் முடிந்ததும் காது அடைத்த மாதிரியோ, 'ஙொய்ங்' என்றோ இருக்கிறதா? அது முதல் எச்சரிக்கை.

வீட்டில் டிவி சத்தம் பற்றித் தினமும் சண்டையா? காலையில், வேலைக்குப் போகும் முன் இருந்த வால்யூமையும், இரவில் வைக்கும் வால்யூமையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளலாம். விடுமுறை முடிந்து, வேலைக்குப் போகும் முன் செல்லுங்கள். காதுக்குக் குறைந்தது 14 மணி நேரம் ஓய்வு கிடைத்திருக்க வேண்டும்.

மருத்துவரிடம் என்ன வேலை, எத்தனை வருடம், எத்தனை மணி நேரம் என்று சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பின்னால் இழப்பீடு கேட்கும்போது அதுதான் பேசும்.

தொழிற்சாலையில் வேலை என்றால் முதல் பரிசோதனை சேர்ந்த 14 நாள்களுக்குள், பிறகு ஆண்டுக்கு ஒரு முறை என்பது மாதிரி விதிகள் சொல்வது. ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

தறியில் நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டு ஓட்டிவிடலாம். உள்காதில் செத்துப்போன செல்லுக்கு முடிச்சுப் போட ஆள் கிடையாது. "பழகிருச்சுங்க" என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால், அடுத்த விடுமுறை நாளில் அவரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். 'கடை'க்கும் 'தடை'க்கும் வித்தியாசம் தெரியும்போதே போய்விடுங்கள்.